உட்கார்ந்து பேசும் கடமை

ஞாயிறு திருப்பலியின் இறுதியில், அறிவிப்புகளுக்கு நடுவே திருமண ஓலை வாசிக்கப்படும்போது ஆலயத்தில் ஒரு சிறு சலசலப்பு எழுவதை வாசக அன்பர்கள் கவனித்திருக்கலாம். அதுவரை குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த தாய்மார் நிமிர்ந்து பார்ப்பார்கள். இன்னார் மகன் இவன், இன்னார் மகள் இவள் என்று அடுத்திருப்பவரிடம் மெல்லச் சொல்வார்கள். இவர்கள் மணமுடிப்பதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று ஊரறிய மூன்று முறை கேட்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் திருமணம் முடிந்தபின், முப்பது நாற்பது ஆண்டுகள் நீளும் அந்த வாழ்வில் தடை ஏதும் முளைத்திருக்கிறதா என்று ஒரு முறையேனும் யாரும் கேட்பதில்லை. நம் பங்குகளில் நாம் கண்டுவரும் பெரிய மௌனங்களுள் இதுவும் ஒன்று.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இந்த மௌனத்தை அனுமதிக்கவில்லை. அதன் 1063-ஆம் சட்டம் மேய்ப்பர்களுக்கும் திருச்சபைச் சமூகத்துக்கும் திருமணம் தொடர்பாக நான்கு பணிகளைச் சுட்டுகிறது. மறையுரையாலும் மறைக்கல்வியாலும் இறைமக்களுக்குத் திருமணத்தின் பொருளைக் கற்பித்தல், மணமக்களைத் தனிப்பட்ட முறையில் தயாரித்தல், திருமண வழிபாட்டைப் பயன்தரும் வகையில் நிறைவேற்றுதல் ஆகியவை முதல் மூன்று. நான்காவது, மணமானவர்களுக்கு உதவுதல். முதல் மூன்றையும் நாம் ஓரளவு செய்கிறோம். மூன்றாவதை அளவுக்கு மீறியே செய்கிறோம். மலர் அலங்காரத்தையும் காணொளிக் கருவிகளையும் பார்த்தால் அது விளங்கும். நான்காவதற்கு வரும்போதுதான் கை ஓய்ந்துவிடுகிறது.

நாங்கள் கணவனும் மனைவியும். எங்களில் ஒருவர் பள்ளி ஆசிரியராகவும், மற்றவர் அரசு மருத்துவமனைச் செவிலியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றோம். மறைமாவட்டக் குடும்பநலப் பணிக்குழுவின் அழைப்பை ஏற்று, முதலில் திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் பேசப் போனோம். பின்னர், வகுப்பில் எங்களைப் பார்த்தவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத் தேடி வரத் தொடங்கினார்கள். இப்படித்தான் இந்தப் பணி எங்கள்மேல் வந்து அமர்ந்தது.

இப்பணியை நம்மவர்கள் 'ஆற்றுப்படுத்துதல்' என்று அழைக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லுக்கு நேராகப் படைத்த வெறும் மாற்றுச் சொல் அன்று இது; பழைய தமிழ்ச் சொல். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், வழியில் எதிர்ப்படும் வறிய பாணனுக்கு வழி சொல்வான். எந்தக் காடு, எந்த ஊர், எங்கே என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் விவரிப்பான். கவனித்தால் ஒன்று புலப்படும்: அவன் அந்த ஏழையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, அவன் சார்பில் வள்ளலிடம் பேசுவதும் இல்லை. நடக்க வேண்டியவன் நடக்கத்தான் வேண்டும். சொல்பவன் தானும் அவ்வழி நடந்தவன் என்பது மட்டுமே அவனுடைய தகுதி. இந்தப் பணியைப் பற்றி இதைவிடச் செம்மையாக எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

வருபவர்கள் பெரும்பாலும் தீர்ப்புக் கேட்டே வருகிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்தின் நினைவு நம் இரத்தத்தில் இன்னும் இருக்கிறது. 'யார்மேல் தப்புன்னு நீங்களே சொல்லுங்க சார்' என்று கணவர் ஒரு காகிதத்தில் குற்றங்களை வரிசையிட்டு எழுதி வருவார். மனைவிக்குக் காகிதம் வேண்டியதில்லை. தேதியுடன் மனப்பாடமாக இருக்கும். நாங்கள் காகிதத்தை வாங்குவதில்லை. இருவரையும் முதலில் தனித்தனியே கேட்கிறோம். பிறகுதான் சேர்த்து அமர்த்துகிறோம். தனியே சொன்னது எதுவும், சொன்னவர் இசைவின்றி மற்றவர் செவிக்குப் போகாது என்று முதலிலேயே உறுதி கூறுகிறோம். ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரை அருட்பணியாளருக்கு உரியது. பொதுநிலையினராகிய எங்களுக்கு அது இல்லை. எங்களுக்கு உள்ளதெல்லாம் நாணயம் ஒன்றே. சிறிய ஊர்களில் அது எளிதில் தேய்ந்துபோகும் பொருள் என்பதால், அதைப் பொன்னைப்போலக் காக்க வேண்டியிருக்கிறது.

ஒரு தம்பதியரைப் பற்றிச் சொல்லலாம். அவர்கள் இசைவு தந்திருக்கிறார்கள். அடையாளங்களை மட்டும் மாற்றியிருக்கிறோம். இருவரும் படித்தவர்கள், இருவருக்கும் வேலை உண்டு. குடி இல்லை, அடி இல்லை, வேற்று உறவு இல்லை. ஆனால் பதினொரு மாதங்களாக ஒருவரோடொருவர் நேரடியாகப் பேசியதில்லை. ஒன்பது வயது மகள் வழியாகவே எல்லாச் செய்தியும் சென்றது. 'அப்பாவிடம் சொல், நாளைக்குச் சிலிண்டர் வரும்.' 'அம்மாவிடம் கேள், சாவி எங்கே?' மூவரும் ஒரே கூடத்தில் இருக்கும்போதே இந்தத் தூது நடந்தது. ஒரு நாள் அந்தக் குழந்தை, தன்னை விடுதியில் சேர்த்துவிடும்படி தானாகவே கேட்டாளாம். காரணம் கேட்டதற்கு, 'எனக்கு டயர்டா இருக்கு' என்றாளாம். அந்தச் சொல்தான் அவர்களை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது.

தனித்தனியே கேட்டபோது இருவரும் எங்கெங்கோ சுற்றினார்கள். மாமியாரின் பேச்சு, சமையல், உறவினர் வீட்டு விசேடத்துக்குப் போகாதது எனப் பல. நான்காம் சந்திப்பில்தான் ஆறரைப் பவுன் நகை வெளியே வந்தது. கணவருடைய தங்கையின் திருமணத்துக்காக மனைவியின் நகைகளை அடகு வைத்திருக்கிறார்கள். மனைவியே மனமுவந்து கழற்றிக் கொடுத்திருக்கிறார். ஓராண்டில் மீட்டுத் தருவதாகக் கணவர் சொல்லியிருக்கிறார். ஓராண்டு கடந்தது. அவர் பேச்செடுக்கவில்லை, இவர் கேட்கவில்லை. கேட்டால், கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவதாக ஆகிவிடுமே என்று இவர் எண்ணியிருக்கிறார். சொன்னால், கையாலாகாதவன் என்று நினைத்துவிடுவாளே என்று அவர் எண்ணியிருக்கிறார். இரண்டும் பண்பான எண்ணங்களே. அந்தப் பண்பான எண்ணங்களின்மேல்தான் பதினொரு மாதச் சுவர் எழுந்திருந்தது.

இத்தகையவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது ஒரு பழைய பயிற்சி. பிரான்சில் 1939-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் இளந்தம்பதியர் சிலர், தங்கள் மணவாழ்வில் எவ்வாறு ஆன்மிகத்தில் வளர்வது என்று அறிய அருட்தந்தை ஆன்றி கஃபரேல் என்பவரை நாடினார்கள். அந்தச் சிறு குழுவிலிருந்து 'நம் அன்னையின் குழுக்கள்' என்னும் இயக்கம் வளர்ந்தது. 1947-இல் அதன் சாசனம் வெளியாயிற்று. அந்த அருட்தந்தை தம்பதியருக்கு வகுத்துத் தந்த பயிற்சிகளுள் ஒன்றுக்கு 'உட்காரும் கடமை' என்று பெயர். மாதம் ஒரு முறை கணவனும் மனைவியும், இறைவனின் முன்னிலையில், வேறு வேலை எதுவுமின்றி உட்கார்ந்து தங்கள் வாழ்வைப் பற்றிப் பேச வேண்டும். கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லும் உவமையிலிருந்து அவர் இதை எடுத்தார். நாம் அந்த உவமையைச் சீடத்துவத்துக்கு மட்டுமே உரியதாகப் படித்துப் பழகியவர்கள். அதில் 'உட்கார்ந்து' என்ற சொல்லைக் கண்டெடுத்து மணவாழ்வுக்குள் கொண்டுவர, தம்பதியரோடு பழகிய ஒரு கண் தேவைப்பட்டிருக்கிறது.

ஸ்பெயினில் அருட்தந்தை கபிரியேல் கால்வோ 1962-இல் தொடங்கிய 'மணவாழ்வுச் சந்திப்பு' இயக்கமும் பேச்சையே மையமாகக் கொண்டது. அங்கே தம்பதியர் முதலில் தங்கள் உணர்வுகளை ஒருவருக்கொருவர் கடிதமாக எழுதி, பின்பு பேசுவர். நம்மவருக்கு எழுதுவது சற்றுக் கூச்சம் தருகிறது. 'சேர்ந்தே இருக்கிறோம், இதிலே லெட்டர் எதுக்கு?' என்று சிரித்துவிடுவார்கள். ஆனால் வாய் திறந்தால் சண்டையில் முடியும் இல்லங்களுக்குக் கடிதமே நல்லது என்பது எங்கள் கருத்து. எழுதும் கை, பேசும் நாவைவிட மெதுவானது.

அந்தத் தம்பதியர் முதல் முறை உட்கார்ந்த கதையைப் பிறகு கேட்டோம். மகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு மொட்டைமாடியில் பாய் விரித்து அமர்ந்தார்களாம். செபம் சொல்லி முடித்தபின் அரை மணி நேரம் இருவரும் எதுவும் பேசவில்லையாம். பிறகு கணவர் எழுந்து கீழே போய் ஒரு பையை எடுத்து வந்திருக்கிறார். உள்ளே அடகுச் சீட்டுகள். ஒவ்வோர் ஆண்டும் வட்டி கட்டி, நகை ஏலத்துக்குப் போகாமல் திருப்பித் திருப்பி வைத்திருக்கிறார். மதிய உணவைக் குறைத்தும், வண்டியை விட்டுப் பேருந்தில் போயும் அந்த வட்டியைச் சேர்த்திருக்கிறார். மனைவியோ நகை என்றோ ஏலத்தில் போய்விட்டது, அதை மறைக்கவே இவர் முகம் பார்க்க மறுக்கிறார் என்று எண்ணியிருக்கிறார். 'சீட்டைப் பார்த்துட்டு நான் அழலைக்கா, எனக்குக் கோபம்தான் வந்துச்சு. இதைச் சொல்ல இத்தனை மாசமா?' என்றார் அவர். கோபம் வந்ததே நல்லது என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. நேரடியாக அவர்மேல் வந்த கோபம் அது. குழந்தை வழியாகப் போகவில்லை.

இதைப் படிப்பவர்கள், எல்லாச் சிக்கலும் இப்படி ஒரு பையிலிருந்து வெளிவந்துவிடும் என்று எண்ண வேண்டாம். வருபவர்களில் பலர் இரண்டாம் முறை வருவதில்லை. கைப்பேசியைப் பற்றிய சண்டைகள் ஒருபுறம், மாமியார் மருமகள் பிணக்குகள் ஒருபுறம். இவற்றைப் பற்றி நம் மாத இதழ்களில் போதிய அளவு எழுதியாகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. மாமியாரைப் பற்றிய முறையீடுகளில் பெரும்பாலானவை உண்மையில் கணவரைப் பற்றியவை. தாய்க்கும் மனைவிக்கும் நடுவில் நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய மனிதர், தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இனி நாங்கள் சொல்லவிருப்பது கடினமானது. சில பெண்கள் வருவது பேசிப் பழக அன்று, உயிரோடு இருக்க.

ஒரு மாலை, லாரி ஓட்டுநர் ஒருவரின் மனைவியை அவருடைய தாயும் அண்ணனும் அழைத்து வந்தார்கள். இரண்டு பிள்ளைகள். தாய் வந்த நோக்கம் தெளிவாயிருந்தது. 'நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பா. பொங்கலுக்கு முன்னாடி அங்கே கொண்டுபோய் விட்டுடணும். ஊரு பேசுது.' அந்தப் பெண் எதுவும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இடக்கையில் சுற்றி வைத்திருந்தார். எங்களில் செவிலியராக இருந்தவர் தண்ணீர் கொடுக்கும் சாக்கில் அவரை உள்ளே அழைத்துச் சென்றார். அந்தக் கையில் இரண்டு விரல்கள் முறிந்து, கோணலாகவே கூடியிருந்தன. முறிந்து நாளாகியிருந்தது, மருத்துவமனைக்கு அவர் போகவே இல்லை. 'சிலுவையைச் சுமக்கணும்னு எல்லாரும் சொல்றாங்கக்கா. நான் சுமக்கிறேன். பிள்ளைங்களும் சுமக்கணுமா?' என்று கேட்டார்.

இந்தச் சிலுவைப் பேச்சைப் பற்றி நாம் ஒரு நாள் வெளிப்படையாகப் பேசித்தான் ஆக வேண்டும். ஆண்டவர் தம் சிலுவையைத் தாமே ஏற்றார். இன்னொருவர் தோளில் அதை ஏற்றிவிட்டு நற்செய்தியின் பெயரால் நடக்கச் சொல்லும் உரிமை உறவினருக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை. திருச்சபையின் சட்டமும் அவ்வாறு சொல்லவில்லை. 1153-ஆம் சட்டத்தை நம் இல்லங்களில் அறிந்தவர் எத்தனை பேர்? துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவில் அல்லது ஆன்மிக அளவில் பெரும் ஆபத்து விளைவிப்பவரிடமிருந்தும், கூட்டு வாழ்வை மிகக் கடினமாக்குபவரிடமிருந்தும் பிரிந்து வாழ அது நியாயமான காரணத்தை அளிக்கிறது. ஆயரின் ஆணை பெற்றுப் பிரிய வேண்டும் என்பது நெறி; தாமதித்தால் ஆபத்து என்னும் நிலையில் பாதிக்கப்பட்டவர் தாமாகவே பிரியலாம். திருமணப் பிணைப்பு அறுவதில்லை. ஆனால் ஒரே கூரையின்கீழ் அடிவாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதும் இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' என்னும் திருத்தூது ஊக்கவுரை இன்னும் ஒரு படி மேலே சென்றது. வலுவற்ற துணைவரையோ சிறு பிள்ளைகளையோ வன்முறையிலிருந்து காப்பதற்குச் சில வேளைகளில் பிரிவு ஒழுக்கநெறிப்படியே தேவையாகிவிடும் என்று அது ஏற்றுக்கொள்கிறது.

இதை அந்தத் தாயிடம் சொன்னோம். அவர் நம்பவில்லை. பங்குத்தந்தையே வந்து அதே சட்டத்தை எடுத்துச் சொன்னபின் அரை மனதோடு அமைதியானார். எனினும் மகளைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் அருட்சகோதரிகள் நடத்தும் ஒரு விடுதியில்தான் இடம் கிடைத்தது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலரிடம் முறையிட்டு ஆணை பெறவும் வழி செய்தோம். காவல் நிலையம், நீதிமன்றம் என்று பேசும் ஆற்றுப்படுத்துநர்களைச் சிலர் ஐயத்தோடு பார்க்கிறார்கள். குடும்பத்தைச் சேர்த்து வைப்பதற்கு வந்தவர்கள் பிரித்து வைக்கிறார்களே என்கிறார்கள். அடி நடக்கும் வீட்டில் கணவனையும் மனைவியையும் ஒன்றாக அமர்த்திப் பேசவைப்பதை நாங்கள் அறவே செய்வதில்லை. அவர் எதிரில் இவர் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் அன்றிரவே அதற்கு விலை கொடுக்க நேரிடும். மேலே சொன்ன உட்காரும் கடமை, இருவரும் அச்சமின்றி உட்காரக்கூடிய இல்லங்களுக்கு மட்டுமே உரியது.

கணவரைக் கைவிட்டோமா என்றால், இல்லை. எங்களில் ஆசிரியராக இருந்தவர் அவரைத் தனியே பலமுறை சந்தித்தார். குடி ஒரு நோய் என்பதை நம் மக்கள் ஏற்பது கடினம். அதைச் சாக்காகவோ சாபமாகவோதான் பார்க்கிறார்கள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார் 1980-இல் சென்னையில் குடிநோயாளருக்கென மருத்துவமனை தொடங்கியபோது, இத்தகைய சிகிச்சை நாட்டில் அரிதாகவே இருந்தது. 1935-இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் குழுக்கள் இன்று நம் ஊர்களிலும் கூடுகின்றன. கிறிஸ்தவ ஆலய வளாகங்களிலும் கூடுவதுண்டு. அப்படியொரு குழுவில்தான் அந்த ஓட்டுநர் சேர்ந்தார். இடையில் ஒரு முறை சறுக்கினார், மீண்டும் வந்தார். இப்போது இரண்டு ஆண்டுகளாகக் குடிக்கவில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை மாதந்தோறும் விடுதித் தலைவியிடம் கட்டிவிடுகிறார். ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் பிள்ளைகளைப் பார்க்கிறார். மனைவி அப்போது சற்றுத் தள்ளி நிற்கிறார்.

'அவன்தான் திருந்திட்டானே, இன்னும் ஏன் சேர்த்து வைக்கலை?' என்று உறவினர் எங்களைக் கேட்கிறார்கள். ஒப்புரவு அருட்சாதனத்தை நினைத்துப் பார்க்கிறோம். மனம் வருந்துதல், அறிக்கையிடல், மன்னிப்பு, பரிகாரம் என அதற்குப் பல பகுதிகள் உண்டு. நம் குடும்பச் சமரசங்களிலோ மன்னிப்பு என்னும் ஒரு பகுதியை மட்டும், அதுவும் பாதிக்கப்பட்டவரிடமிருந்து, அதுவும் பண்டிகைக்கு முன்பாகக் கேட்கிறோம். அந்த ஓட்டுநர் இப்போது பரிகாரத்தில் இருக்கிறார். அது எவ்வளவு காலம் என்று வரையறுக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. இதில் எங்கள் இருவருக்குள்ளும் ஒத்த கருத்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். எங்களில் ஒருவர் அவர்கள் சேர்வார்கள் என்று நம்பிச் செபமாலை சொல்லிவருகிறார். மற்றவருக்கு அந்த முறிந்த விரல்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அவர் செபிப்பது வேறு கருத்துக்காக.

மணப் பிணைப்பையே கேள்விக்குள்ளாக்கி மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தை நாடுவோரும் எங்களிடம் வருவதுண்டு. 'கோயில் விவாகரத்து' என்று மக்கள் இதைச் சொல்வது பெரும் பிழை. செல்லத்தக்க திருமணத்தைத் திருச்சபை நீதிமன்றம் முறிப்பதில்லை. மன ஒப்புதல் அளித்த அந்த நாளிலேயே அது குறையுடையதாக இருந்ததா என்றுதான் ஆராய்கிறது. கடும் மனநோயை மறைத்தது, அச்சுறுத்திச் சம்மதிக்க வைத்தது போன்றவை அங்கே ஆராயப்படுகின்றன. திருமணம் செல்லாது என்று அறிவித்தால் பிள்ளைகள் முறைகேடாகப் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்களோ என்று தாய்மார் அஞ்சுகிறார்கள். ஆகமாட்டார்கள், 1137-ஆம் சட்டம் அதைத் தெளிவாக்கியிருக்கிறது. முன்பு இரண்டு நீதிமன்றங்கள் ஒத்த தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் கொண்டுவந்த சீர்திருத்தத்துக்குப் பின் ஒரு தீர்ப்பே போதுமானது. எனினும் இந்தத் தீர்ப்பு நாட்டின் சட்டத்தின்முன் செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 1996-இலும், மீண்டும் 2017-இலும் தெளிவுபடுத்தியது. குடியுரிமை நீதிமன்றத்தை நாடாமல் மறுமணம் செய்துகொண்டு, இருதார மணக் குற்றச்சாட்டில் சிக்கியவர்களும் உண்டு. 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டமோ, கணவனின் பிறர்மனை உறவோடு கொடுமையையும் அல்லது கைவிட்டுப் போனதையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும் என்று மனைவியை மட்டும் நெடுங்காலம் வருத்தியது. 2001-இல்தான் அந்த வேறுபாடு நீக்கப்பட்டது. இது ஒரு சட்டக் கட்டுரை அன்று. ஆகவே இத்துடன் நிறுத்துகிறோம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கணவரால் கைவிடப்பட்டுத் தனித்து வாழும் ஓர் அம்மையார் ஆறு ஆண்டுகளாக நற்கருணை வாங்காமல் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தார். பிரிந்து வாழ்பவர்கள் நற்கருணை வாங்கக் கூடாது என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறார். பிரிந்து, மறுமணம் செய்யாமல் வாழ்பவர்களுக்கு அப்படியொரு தடை திருச்சபையில் இல்லை. ஒரே ஒரு வாக்கியம். ஆறு ஆண்டுகள் அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

தயாரிப்பு வகுப்புகளைப் பற்றியும் சிறிது. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட குடும்பம் பற்றிய திருத்தூது ஊக்கவுரை, திருமணத் தயாரிப்பை மூன்று கட்டங்களாகக் காண்கிறது. முதற்கட்டம் குழந்தைப் பருவத்திலேயே, தாய் தந்தையின் வாழ்வைப் பார்ப்பதிலேயே தொடங்குகிறது. நாம் கடைசிக் கட்டத்தை மட்டும், அதுவும் மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, அழைப்பிதழ் அச்சானபின் நடத்துகிறோம். ஒரு முறை வகுப்பு முடிந்து எல்லாரும் சான்றிதழ் வாங்கிக்கொண்டு புறப்பட்டபின் ஒரு பெண் மட்டும் நாற்காலிகளை அடுக்குவதுபோல் நின்றுகொண்டிருந்தார். 'அப்பாவுக்காகத்தான் சரின்னு சொன்னேன். இப்ப வேணாம்னு சொன்னா அப்பாவுக்கு ஏதாவது ஆயிடும்' என்றார். அச்சத்தால் அளிக்கும் ஒப்புதல் ஒப்புதல் ஆகாது என்று 1103-ஆம் சட்டம் கூறுகிறது. அவருடைய தந்தையிடம் பேச அந்தப் பெண்ணோடு நாங்களும் போனோம். அழைப்பிதழ் முந்நூறு அச்சாகியிருந்தது. அந்தத் திருமணம் நடக்கவில்லை. தந்தை இரண்டு ஆண்டுகள் எங்கள் முகம் பார்த்துப் பேசவில்லை. அவருக்கு எதுவும் ஆகிவிடவும் இல்லை.

திருமண அருட்சாதனத்தை நிறைவேற்றுபவர்கள் அருட்பணியாளர் அல்லர், மணமக்களே என்று நம் இலத்தீன் வழிபாட்டு மரபு கற்பிக்கிறது. அருட்பணியாளர் திருச்சபையின் பெயரால் ஒப்புதலைக் கேட்டுப் பெறும் சாட்சி. வகுப்பில் இதைச் சொல்லும்போது இளைஞர்கள் வியப்போடு நிமிர்வதைப் பார்த்திருக்கிறோம். ஓர் இளைஞர் எழுந்து, 'அப்படின்னா கல்யாணத்தன்னைக்கு மட்டும் இல்ல, தினமும் நாங்கதான் செய்யணுமா சார்?' என்று கேட்டார். ஆம் என்றோம். 'பெரிய வேலைதான்' என்று சொல்லி உட்கார்ந்தார்.

இப்போது எங்களுக்கு ஒரு சிறு தேவை இருக்கிறது. சில பங்குகளில் திருப்பலிக்குப் பின் சிற்றாலயத் திண்ணையிலும், சில பங்குகளில் பள்ளி வகுப்பறையிலும் அமர்ந்து பேசுகிறோம். வகுப்பறை இருக்கைகள் சிறுவருக்கானவை. ஐம்பது வயதுக் கணவர் முழங்கால் மேசையில் இடிக்க அமர்ந்து தம் வாழ்வைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் அமர்ந்தாலோ, சான்றிதழுக்கு வந்தவர்கள் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறார்கள். மறுநாள் அன்பியக் கூட்டத்தில் அது செய்தியாகிவிடுகிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு ஒரு திரை உண்டு. அதைப்போல, ஒவ்வொரு மறைவட்டத்திலும் ஓர் அறை வேண்டும் என்று பணிக்குழுவிடம் எழுத்து வழியாகக் கேட்டிருக்கிறோம். பெரிய அறை தேவையில்லை. நான்கு நாற்காலிகள், ஒரு மின்விசிறி, குடிநீர்ப் பானை, குழந்தைகள் படம் வரையச் சிறிது காகிதம், தெருவைப் பார்க்காத ஒரு வாசல்.